அக்கரைக் கணக்கு

இந்த வாரமும் திருச்சிப் பக்கத்திலோ திருநெல்வேலிப் பக்கத்திலோ ஒரு வீட்டில், பிள்ளைகள் உறங்கிய பிறகு, கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள். லண்டனிலிருந்தோ மான்செஸ்டரிலிருந்தோ வேலைக்கான கடிதம் வந்திருக்கும். சம்பளத்தை ரூபாயாகப் பெருக்கிப் பார்த்த மகிழ்ச்சி இரண்டு நாளில் வடிந்துவிட, வீட்டு வாடகை, பேருந்துச் செலவு, குளிர்காலத்து எரிவாயுக் கட்டணம், சின்னவளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் காப்பகத்துக்கான பணம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வருவார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு தொகை வந்து நிற்கும். 2024 பிப்ரவரியிலிருந்து பிரிட்டனுக்கு வேலை விசா கேட்பவர்களிடம் மருத்துவக் கூடுதல் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 பவுண்டும், பதினெட்டு வயது நிறையாத பிள்ளைக்கு 776 பவுண்டும் வாங்குகிறார்கள். மருத்துவ, பராமரிப்புப் பணியாளருக்கான விசாவுக்கு இதில் விலக்கு உண்டு. ஐந்தாண்டு விசா என்றால் இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 18,110 பவுண்டு. அதையும் விமானம் ஏறுவதற்கு முன்பே மொத்தமாகக் கட்டியாக வேண்டும். வேலை கொடுப்பவரே கட்டிக்கொடுத்தால் பாக்கியம். இல்லையென்றால், முதல் மாதச் சம்பளம்கூடக் கையில் படாத நிலையில் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்பது நமக்குத் தெரியும். பீரோவைத் திறப்பார்கள். கோவலன் கண்ணகியை அழைத்துக்கொண்டு புகாரைவிட்டு மதுரைக்குப் போனபோதும் புது வாழ்வுக்கு இருந்த முதல் அவள் கால் சிலம்புதான்.

போய்ச் சேருமுன்பே கடன்பட்டுப் போவது நம் குடிபெயர்வின் மிகப் பழைய வழக்கம். 1830களில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் விரியத் தொடங்கிய நாளிலிருந்தே கண்டிச் சீமைக்குப் போனவர்கள் கடனோடுதான் கடல் கடந்தார்கள். மழை பொய்த்த ஆண்டில், தோட்டத்துக்கு ஆள் திரட்டும் கங்காணி ஊருக்கு வருவார். வந்து, பண்ணையாரிடம் பட்ட பழைய பாக்கியைத் தீர்ப்பதற்கும், வழிச் செலவுக்கும், மலைக் குளிருக்கு ஒரு கம்பளிக்குமாக முன்பணம் கொடுப்பார். அந்தத் தொகை தோட்டத்துக் கணக்கில் ஏறி, அரிசியும் சாமானும் வாங்க வாங்க வளர்ந்து, சம்பள நாளில் கழிபட்டு, பிறகு மறுபடி வளரும். ஒரு தோட்டத்தைவிட்டு இன்னொன்றுக்குப் போக நினைத்தால் ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு பாக்கி, இதைத் தீர்ப்பவர் இந்த ஆட்களை எடுத்துக்கொள்ளலாம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சின்னக் காகிதம் அது. 1921இல் சட்டம் போட்டு அதை ஒழிக்கும்வரை ஒரு குடும்பத்தின் விலை அந்தத் துண்டில் எழுதப்பட்டிருந்தது. பத்திரமும் ஒப்பந்தமும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடும் இன்றைய பொறியாளரை அந்தக் கூலிக்காரரோடு சமமாக வைப்பது அந்தக் கூலிக்காரருக்குச் செய்யும் அநீதி. இவரால் வேலையை உதறிவிட்டு வர முடியும், அவரால் முடியவில்லை. ஆனாலும் செலவின் வரிசை மாறவில்லை என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. முதலில் கடன், அதற்குப் பின் பயணம், அதற்கும் பின்னால்தான் சம்பளம்.

குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போகலாமா கூடாதா என்பதை நம் குடும்பங்கள் தாமாகத் தீர்மானித்த காலம் மிகக் குறைவு. ஒப்பந்தக் கூலிக் கப்பல்களில் நூறு ஆணுக்கு நாற்பது பெண் ஏற வேண்டும் என்று விதி எழுதினார்கள். காப்பி நோயில் அழிந்து, 1870களுக்குப் பிறகு இலங்கை மலைகளில் தேயிலை வந்தபோது, கொழுந்து கிள்ளும் வேலைக்குப் பெண்களின் விரல்கள் ஆண்டு முழுவதும் தேவைப்பட்டன. அதனால் குடும்பம் குடும்பமாக வரச் சொன்னார்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிரா ஒன்றைக் கொடுத்து, புருஷனுக்கு ஒரு பேர், மனைவிக்கு அதைவிடக் குறைந்த ஒரு பேர், வளர்ந்த பிள்ளைக்கு இன்னும் குறைந்த பேர் என்று செக்ரோல் எனும் வருகைப் பதிவேட்டில் நாள்கூலியைப் பதிந்தார்கள். ஒருவர் சம்பளத்தில் ஒரு குடும்பம் வாழ முடியாது என்பது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருந்தது. மூன்று பேர் உழைத்தால்தான் மூன்று பேர் சாப்பிடலாம். நம் பாட்டிமார் பலர் வேலைக்குப் போன பெண்களின் முதல் தலைமுறை என்று இன்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். பெருமைதான். ஆனால் அவர்கள் விடியற்காலையில் பெரட்டு எனும் ஆள்கணக்கெடுப்புக்கு ஓடியது அரிசிக்கணக்கு இடித்ததால்.

மலேயாவின் கதை என்னை இன்னும் அதிக நேரம் நிறுத்திவைக்கிறது. ஒரு குடும்பம் வாழ எவ்வளவு வேண்டும் என்ற கேள்வியை அரசாங்கமே உட்கார்ந்து கணக்கிட்ட இடம் அது. அரிசி இவ்வளவு, கறிச்சாமான் இவ்வளவு, துணி இவ்வளவு என்று வரவுசெலவுப் பட்டியல் போட்டு, அதிலிருந்து தினக்கூலியை வரையறுத்தார்கள். 1928இல் முக்கியமான தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயமாயிற்று. இரண்டே ஆண்டில் உலகச் சந்தையில் ரப்பர் விலை வீழ்ந்தது. கூலி 40 காசுக்கும் 32 காசுக்கும் இறங்கியது. அதுவும் கட்டுப்படியாகாதபோது ஆட்களையே கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1930க்கும் 1932க்கும் இடையில் அப்படி வந்திறங்கியவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். நாகப்பட்டினத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் தகரப் பெட்டியோடு இறங்கிய அவர்களுக்குச் சோறு போட்டது எந்தக் கம்பெனி? தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் இருந்த அண்ணன் வீடுகளும் மாமன் வீடுகளும் போட்டன. ரப்பர் முதலாளியின் நட்டத்தை ஒரு தமிழ்க் கிராமத்தின் அடுப்பு ஏற்றுக்கொண்டது என்பது எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஏறவில்லை. பிறகு இந்திய அரசு அனுப்பிய சீனிவாச சாஸ்திரியார் போய்ப் பார்த்துவிட்டு பழைய கூலியைத் திரும்பக் கொடுக்கச் சொன்னார். 1937இல் கொடுத்தார்கள், 1938இல் மறுபடி குறைத்தார்கள். அந்த ஆண்டே இந்திய அரசு உதவிப் பயணத்தில் கூலியாட்கள் மலேயாவுக்குப் போவதைத் தடைசெய்தது. பத்து ஆண்டுக்குள் ஒரு சாப்பாட்டுத் தட்டு எத்தனை முறை நிறைந்து எத்தனை முறை காலியாயிற்று என்பதை அந்தக் காசு எண்களில் படிக்கலாம்.

இதைவிடக் கொடிய கணக்கு ஒன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நடந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அங்கே போனவர்களில் பெரும்பாலோர் தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி. ஆண்டுக்கு ஒரு ஷில்லிங்காக ஏறி ஐந்தாம் ஆண்டில் 14 ஷில்லிங். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்து காய்கறி போட்டும் கடை வைத்தும் பிழைக்கத் தொடங்கியவர்களை அங்கே நிலைக்கவிடக் கூடாது என்று 1895இல் ஒரு சட்டம் செய்தார்கள். ஆளுக்கு 25 பவுன் வரி கேட்டார்கள்; பேச்சுவார்த்தையில் அது ஆண்டுக்கு மூன்று பவுனாயிற்று. பிற்பாடு பதினாறு வயது தாண்டிய மகனுக்கும் பதின்மூன்று வயது தாண்டிய மகளுக்கும் அந்த வரி விரிந்தது. தகப்பன், தாய், ஒரு மகன், ஒரு மகள் என்றால் ஆண்டுக்கு 12 பவுன், அதாவது 240 ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுக் கூலிக்காரன் பன்னிரண்டு மாதமும் ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் கிடைப்பது 168 ஷில்லிங்தான். மகள் பதின்மூன்று வயதைத் தொடும் நாளை ஒரு வீடு எப்படிப் பயத்தோடு எண்ணியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நம் வீடுகளில் அது மங்கல நீராட்டுக்கான வயது. அங்கே அது இன்னொரு மூன்று பவுனுக்கான வயது. 1913இல் சுரங்கங்களிலும் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் எழுந்து, அந்தப் போராட்டத்தில் சிறைசென்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல் உயிர்விட்டு, அந்த ஆண்டில்தான் வரி நீங்கிற்று.

நூறு ஆண்டுக்குப் பிறகு, வேறொரு நாட்டில், கொடுமை ஏதுமில்லாத நிர்வாக நடவடிக்கையாக, தலைக்கு இவ்வளவு என்ற சொல் திரும்பி வந்தது. 2017 ஜூலையில் சவூதி அரேபியா, வெளிநாட்டு ஊழியருடன் வாழும் மனைவி மக்களுக்குத் தலைக்கு மாதம் 100 ரியால் கட்டணம் விதித்தது. 2018இல் 200, 2019இல் 300, 2020இல் 400. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,200 ரியால். இக்காமா எனும் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது ஆண்டு முழுவதற்குமாகக் கட்ட வேண்டியிருந்தது. தன் நாட்டின் எண்ணெய் வருவாய் சுருங்கும்போது ஓர் அரசு தன் வரவைத் தேடுவதில் தவறு காண எனக்கு உரிமையில்லை. நேட்டாலோடு இதைச் சேர்த்துக் கட்டுவதும் சரியாகாது. ஆனால் ரியாத்திலும் ஜித்தாவிலும் தம்மாமிலும் பத்துப் பதினைந்து ஆண்டு குடித்தனம் நடத்திய நம் குடும்பங்கள் பல, அந்தப் படிகள் ஏற ஏற, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விடுவித்து, ஃபிரிட்ஜையும் கட்டிலையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு ஊர் திரும்பின. தகப்பன் மட்டும் பின்தங்கி மறுபடி ஒரு கட்டிலளவு வாடகை இடமான பெட்ஸ்பேஸுக்கும் மெஸ் சாப்பாட்டுக்கும் போனார். வளைகுடாத் தமிழில் அவரை ‘பேச்சிலர்’ என்கிறார்கள். பேரன் எடுத்தவரானாலும் மனைவி உடனில்லாவிட்டால் அங்கே பேச்சிலர்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் குடியிருப்பும் இருந்தால் குடும்பத்தை அழைக்கலாம். அந்தக் கோட்டுக்குக் கீழே சம்பளம் வாங்கும் கொத்தனாருக்கும் ஓட்டுநருக்கும் திருமணம் என்பது ஒரு தொலைபேசி உறவு.

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் இப்படிப் போனவரைச் சபராளி என்பார்கள். அவருடைய சபர் காலத்தில் வீட்டையும் வழக்கையும் கல்யாணத்தையும் பெண்களே நடத்தினார்கள். செட்டிநாட்டில் பர்மாவுக்கும் மலாய் நாட்டுக்கும் போன நகரத்தார், மூன்றாண்டுக் கெடுவுக்குச் சம்பளச்சீட்டு எழுதிக்கொண்டு, பெரும்பாலும் தனியே போய்க் கிட்டங்கிகளில் வரிசையாகப் பெட்டி வைத்துத் தங்கினார்கள். வசதி இருந்தும் ஆச்சிமார் ஊரிலேயே இருந்தது பழக்கத்தால் மட்டுமல்ல. அங்கே காசு ஈட்டுவது, இங்கே செலவழிப்பது என்பதுதான் அந்தத் தொழிலின் சிக்கனமே. ரங்கூனில் குடும்பம் நடத்த ஆகும் செலவைவிடக் காரைக்குடியில் குறைவாகவே முடிந்தது. நம் காலத்தில் அதே நியாயத்தை ஓர் அரசு சட்டமாக எழுதியது. 2024 மார்ச் 11 முதல் பிரிட்டனுக்குப் பராமரிப்புப் பணிக்குப் புதிதாகப் போனவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ அழைத்துவர முடியாது என்று விதி வந்தது. அந்நாட்டு முதியோரைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, இரவில் புரட்டிப் படுக்கவைக்கும் பெண், தன் ஆறு வயது மகளை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. அந்தப் பாட்டியின் உழைப்பு எந்தப் பணத்தில் அடங்கும்? பிறர் முதுமையைத் தாங்கப் போனவளின் பிள்ளைமையை இங்கே ஒரு முதுமை தாங்குகிறது. இதைத்தான் நான் நம் குடிபெயர்வின் மாறாத விதி என்று கருதுகிறேன்: உழைப்பை வாங்குகிறவர்கள் உழைப்பவருக்கு மட்டும் விலை பேசுகிறார்கள், அவரை வளர்த்ததற்கும், அவர் பிள்ளையை வளர்ப்பதற்கும், அவர் நோயுற்றுத் திரும்பும்போது ஏற்பதற்கும் ஆகும் செலவு ஊர்க் கணக்கில் நிற்கிறது.

ஆகையால் வெளிநாட்டில் குடும்பம் நடத்த எவ்வளவு ஆகும் என்று கேட்டு வரும் இளையவர்களிடம் வாடகையையும் பள்ளிக் கட்டணத்தையும் மட்டும் சொல்லி அனுப்புவது போதாது என்று தோன்றுகிறது. அந்தக் கடல்களைக் கடந்தவர்கள் எவருமே ஒரு வீட்டுக் கணக்கோடு வாழவில்லை. இரண்டு வீட்டுக் கணக்கோடு வாழ்ந்தார்கள். தங்கச்சி சீர், மாமன் மொய், குலதெய்வத்துக்குக் கிடாய் வெட்டுப் பங்கு, அப்பாவின் கண் அறுவைச் சிகிச்சை, பங்காளி வீட்டுத் துக்கத்துக்கு அவசரமாக எடுத்த விமானச் சீட்டு ஆகியவை எந்த நாட்டு விலைவாசிக் குறியீட்டிலும் இல்லை. சிங்கப்பூரில் இருந்தாலும் சிட்னியில் இருந்தாலும் அவை நம் மாதக் கணக்கில் உண்டு. அவற்றைச் செலவு என்று சொல்லவே சிலர் கூசுகிறார்கள். கூசத் தேவையில்லை என்பேன். எழுதி வைத்தால்தான் அந்தக் குடும்பத்துக்கு உண்மையில் எவ்வளவு சம்பளம் வேண்டும் என்பது தெரியும்.

சென்ற தை மாதம் தெற்கே ஒரு சிற்றூரில் ஒரே தெருவில் நான்கு வீடுகள் பூட்டியிருக்கக் கண்டேன். நான்கும் கடல் கடந்த பணத்தில் எழுந்தவை. ஒன்றுக்குத் தேக்குத் தூண், ஒன்றுக்குப் பூக்கல் தரை, மற்ற இரண்டுக்கும் போன பத்தாண்டில் கட்டிய கிரானைட் முகப்பு. நான்கு குடும்பங்களும் முழுவதுமாக இப்போது அக்கரைக்கே போய்விட்டன. எதிர்வீட்டு அம்மாள் சாவி வைத்திருக்கிறார். வீட்டு வரி ரசீதும், ஒரு விளக்கும் எரியாத வீட்டுக்கு வரும் மின்கட்டணச் சீட்டும், பொங்கலுக்கு முன் ஒட்டடை அடித்து வெள்ளையடித்த ஆளுக்குக் கொடுத்த கூலியும் அவர் தலைமாட்டில் ஒரு பள்ளிக்கூட நோட்டில் செருகியிருந்தன. மாதம் பிறந்ததும் ஃபோனில் படம் எடுத்து அனுப்புவாராம். அங்கிருந்து அன்றைக்கே பணம் வந்துவிடும் என்றார்.