வெற்றிலைக் காம்பும் பச்சைக் குழந்தையும்

சகோதரிகளே, இந்தத் தடவை கைவைத்தியக் குறிப்பு எதுவும் சொல்லப் போவதில்லை. கைவைத்தியத்தால் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன்.

திருவண்ணாமலையில் ரமணாசிரமத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. போன வருஷம் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தது. வீட்டுக்கு வந்த அன்றே வயிறு மத்தளம் போல் உப்பி இருந்தது. "பிறந்ததும் போகிற கருப்பு மலமே மூணாம் நாள்தான் போச்சு, அக்கா" என்றாள்.

"அதுக்கென்னடி?" என்று வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தோய்த்து வைத்தேன். காற்றோடு மலம் பீச்சியடித்தது. வயிறும் வற்றியது. எனக்கு ஒரே பெருமை! மறுநாள் மறுபடியும் உப்பல், மறுபடியும் காம்பு. இப்படியே பத்து நாள் ஓட்டினேன். பதினோராம் நாள் குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தது. பதறியடித்து வேலூருக்கு ஓடினோம்.

எக்ஸ்ரே எடுத்து, மலக்குடலில் துளி சதையையும் எடுத்துப் பரிசோதித்தார்கள். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயாம். 1886-ல் இதை விவரித்த டென்மார்க் குழந்தை டாக்டரின் பெயர் அது. ஏறக்குறைய 5,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது.

நம் குடலுக்கென்றே கோடிக்கணக்கான நரம்பு செல்கள் உண்டு. கரு வளரும்போது அவை மேலிருந்து கீழாகக் குடலில் பரவ வேண்டும். வழியிலேயே நின்றுவிட்டால், கடைசிப் பகுதி இறுகியே கிடக்கும், மலம் நகராது. இதில் பெற்றவளைக் குற்றம் சொல்ல இடமில்லை. தூண்டினால் மட்டும் பீச்சியடிப்பதே நோயின் அடையாளமாம். நான் அதையல்லவா குணம் என்று நினைத்தேன்!

ஆபரேஷன் என்றதும் குழந்தையின் அப்பா கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். "கத்தியே வேண்டாமாம், அக்கா. ஸ்டெம் செல் ஊசியாம். சில லட்சம் ஆகுமாம்." டாக்டரம்மாவிடமே கேட்டுவிட்டோம்.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்றும் ஸ்டெம் செல் வைத்தியம்தான். ஆனால் அது இரத்த நோய்களுக்கு. குடல் நரம்புக்கு இன்னும் ஆராய்ச்சிதான். 2016-ல் நியூயார்க் விஞ்ஞானிகள் ஸ்டெம் செல்லிலிருந்து குடல் நரம்பு செல்களை வளர்த்து, இதே நோயுள்ள எலிகளுக்குச் செலுத்தினார்கள். எலிகள் பிழைத்தன. அதை வைத்து உங்கள் பிள்ளைக்கு ஊசி போட முடியுமா? நிரூபணமாகாத ஸ்டெம் செல் சிகிச்சையை அனுமதி பெற்ற ஆய்வாக மட்டுமே செய்யலாம், அதற்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 2017-லேயே அரசின் நெறிமுறை சொல்கிறது."

ஆபரேஷன் நடந்தது. நரம்பில்லாத பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு இணைத்தார்கள். இன்று பையன் தவழ்ந்து வந்து என் முந்தானையை இழுக்கிறான். பிறகும் சில குழந்தைகளுக்கு மலச்சிக்கல் இருக்குமாம். காய்ச்சலோடு வயிறு உப்பி, நாற்றமடிக்கும் பேதி போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம்.

இளம் தாய்மார்களே, இதை மட்டும் நினைவில் வையுங்கள். பிறந்த குழந்தை 24 மணி நேரத்துக்குள் கருப்பு மலம் போகிறதா என்று பாருங்கள். 48 மணி நேரமாகியும் போகாவிட்டாலும், வயிறு உப்பினாலும், பச்சையாகக் கக்கினாலும் நேரே டாக்டரிடம் போங்கள். என்னைப் போன்ற அக்காக்கள் வெற்றிலைக் காம்போடு வந்தால், வாசலிலேயே நிறுத்திவிடுங்கள்!