தோல்வாரும் நடுநிலையும்

சூடான் போர்க்களங்களில் பிரிட்டனில் தயாரான கவச வாகன எஞ்சின்களும் சுடுபயிற்சிக் கருவிகளும் கிடைத்துள்ளன என்று 2025 அக்டோபரில் கார்டியன் நாளிதழ் செய்தி வெளியிட்டது. அவை ஐக்கிய அரபு அமீரகம் வழியே சென்றிருக்கலாம் என்கின்றன ஐ.நா. பாதுகாப்பு அவைக்கு அளிக்கப்பட்ட ஆவணங்கள். படைகளுக்கு ஆயுதம் அளிப்பதாகக் கூறப்படுவதை அமீரகம் மறுக்கிறது. எஞ்சின் சுடுவதில்லையே என்று சிலர் வாதிடக்கூடும். பன்னாட்டு வணிகத்தைப் பல்லாண்டு கற்பித்த எனக்கு இந்த வாதம் புதிதன்று.

1861 மே 13 அன்று, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தான் நடுநிலை வகிப்பதாக விக்டோரியா அரசி பிரகடனம் செய்தார். அதே மாதத்தில் தென்மாநிலக் கூட்டமைப்பின் கொள்முதல் முகவர் கேலப் ஹ்யூஸ் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தார். வடமாநில முகவர்களும் அதே சந்தையில் வாங்கினார்கள். என்ஃபீல்டு துப்பாக்கிகளோடு இடுப்புவார், தோட்டாப் பெட்டி, ஈட்டியுறை, முதுகுப்பை ஆகியனவும் கப்பலேறின. துணைப்பொருள்கள் என்று இவற்றை ஒதுக்கிவிட இயலாது. அக்காலத் தோட்டா காகிதத்தில் சுற்றிய வெடிமருந்து. நனைந்தால் துப்பாக்கி வெறும் கழிதான். தோல் கிடைக்காத தென்மாநிலத்தார் சாயம் பூசிய துணியில் வார்களைத் தைத்துக்கொண்டனர். பாம்பு வடிவக் கொக்கியுடைய பிரிட்டிஷ் தோல்வாருக்கு அங்கே எவ்வளவு மதிப்பு இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் என்ன செய்தது? 1819ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் படைச்சேர்ப்புச் சட்டம் போர்க்கப்பல் ஆயத்தம் செய்வதையும் ஆள்சேர்ப்பதையும் தடுத்தது. சரக்கு விற்பனையைத் தொடவில்லை. வணிகர் பிரிட்டிஷ் குடியேற்றமான நசாவுக்கு அனுப்பினால் அது உள்வணிகம் போலவே தோன்றும். அங்கிருந்து முற்றுகையை மீறும் விரைவுக் கப்பல்கள் வில்மிங்டனுக்குக் கொண்டுசென்றன. தென்மாநிலத்தாருக்கு முதன்மையாக வழங்கிய லண்டன் நிறுவனம் ஐசக் கேம்பல். ஆபத்து மிகுந்த இடத்தில் வாங்குபவருக்குப் பேரம் பேசும் வலிமை இராது. அந்நிறுவனம் கூடுதல் விலை வைத்தது பின்னர் கணக்குத் தணிக்கையில் தெரிந்தது.

1863 பிப்ரவரியில் நசாவுக்குச் சென்ற ‘ஸ்பிரிங்பாக்’ கப்பலை அமெரிக்கக் கடற்படை பிடித்தது. வாள்களும், துப்பாக்கிமுனை ஈட்டிகளும், படைச்சீருடைப் பொத்தான்களும் அதில் இருந்தன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் கப்பலை விடுவித்து, சரக்கைப் பறிமுதல் செய்தது. இடைத்துறைமுகத்தை அன்று, சரக்கு சென்றுசேரும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்பதே அதன் தருக்கம். பிரிட்டனில் இத்தீர்ப்புக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. என் கருத்தில் நீதிமன்றமே சரி.

2014இல் நடைமுறைக்கு வந்த ஆயுத வர்த்தக உடன்படிக்கையும் ஆயுதங்கள் திசைமாறிச் செல்வதைத் தடுக்க வேண்டும் என்கிறது. பிரிட்டன் அதை ஏற்ற நாடு. ஆயினும், ஐ.நா.வுக்கு முதல் ஆவணம் சென்ற பிறகும் அதே வகைக் கருவிகளை அமீரகத்துக்கு அனுப்ப உரிமம் தரப்பட்டது என்கிறது கார்டியன். உரிமத்துக்கான தாள்களில் ‘இறுதிப் பயனாளர்’ யார் என்று எழுதப்படுகிறது. அதை யார், எந்தத் துறைமுகத்தில், எத்தனை மாதம் கழித்துச் சரிபார்க்கிறார்கள் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கேட்க வேண்டும்.