ஹீல்ஸ் வலிக்க உயரம் மட்டும்தான் காரணமா?

‘ஸ்டைலா இருக்கணும்னா வலியைப் பொறுத்துக்கத்தான் வேணும்’ - ஹை ஹீல்ஸ் போடும் பெண்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. ஆனால், ஹீல்ஸ் எவ்வளவு உயரம் என்பது பாதிக் கதைதான். அது யாருடைய பாத அளவுக்குச் செய்யப்பட்டது என்பது மீதிக் கதை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் (சிஎல்ஆர்ஐ) ஆய்வு இதைத்தான் காட்டுகிறது.

காலுக்கு என்ன ஆகிறது?

குதிகால் உயர உயர, உடல் எடை விரல்களை ஒட்டிய முன்பாதத்துக்கு நகரும். சரிவில் நிற்பதுபோல பாதம் முன்னால் சறுக்கும். ஷூ முனை குறுகலாக இருந்தால் விரல்கள் நெருக்கி அடைபடும். பெருவிரல் மூட்டு வெளியே புடைத்திருப்பவர்களுக்கு வலி இன்னும் கூடும். ஆண்டுக்கணக்கில் தினமும் போட்டால் கெண்டைக்கால் தசைநார்கள் குறுகிவிடும். பிறகு தட்டையான செருப்புக்கு மாறினாலும் வலிக்கலாம்.

சைஸ் எங்கே இடிக்கிறது?

இந்தியக் கடைகளில் கேட்கும் 5, 6, 7 எல்லாம் பிரிட்டிஷ்காரர்கள் கொண்டுவந்த சைஸ். அந்த எண் நீளத்துக்கானது; பாதம் எவ்வளவு அகலம் என்று சொல்லாது.

2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை, 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை சிஎல்ஆர்ஐ 3டி ஸ்கேனரில் அளந்தது. ஐரோப்பியர், அமெரிக்கர்களைவிட இந்தியர்களின் பாதம் அகலம் என்பது தெரியவந்தது. ஹீல்ஸ் போடும் பெண்கள் தேவையைவிடப் பெரிய சைஸ் வாங்குவதும் தெரிந்தது.

அகலம் பத்தவில்லை என்று சைஸைக் கூட்டினால், நீளமும் சேர்ந்து கூடும். தட்டையான செருப்பில் இதைச் சமாளிக்கலாம். ஹீல்ஸில் முடியாது. குதிகால் பிடிப்பு விட்டு, பாதம் இன்னும் முன்னால் சரியும். கால் பிசகும் ஆபத்தும் இதனால்தான்.

‘பா’ வந்தால் தீருமா?

இந்த ஆய்விலிருந்து உருவானதுதான் ‘பா’ என்ற இந்திய சைஸ் முறை. ‘பாரத்’ என்பதன் முதல் எழுத்து அது. குழந்தைகள் முதல் பெரியவர்கள் வரை மொத்தம் 8 பிரிவுகள். இந்தப் பரிந்துரை ஒப்புதலுக்காக இந்திய தர நிர்ணய அமைவனத்துக்கு அனுப்பப்பட்டது.

ஆனால், பெட்டியில் எண் மாறினால் மட்டும் போதாது. ஷூ தைக்கப்படும் கால் வடிவ அச்சையே நிறுவனங்கள் மாற்ற வேண்டும். அது செலவு பிடிக்கும் வேலை. அகலத்தைச் சரிசெய்தாலும், உயரம் தரும் சுமை அப்படியே இருக்கும். கூர்முனை ஃபேஷனையும் சைஸ் முறை தடுக்காது.

வாங்கும்போது என்ன பார்க்கலாம்?

பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போட்டுப் பாருங்கள். நடக்கும்போது குதிகால் கழன்றாலோ, விரல்களை அசைக்க முடியாவிட்டாலோ அந்த ஜோடி வேண்டாம். ‘போடப் போட சரியாகிடும்’ என்று கடையில் சொல்வார்கள். குறுகலான முனையும் நீளமான அடிப்பாகமும் போடப் போட மாறாது. காலில் கொப்புளம்தான் மிஞ்சும்.