தாயின் தொழில் என்ன?

சென்ற திங்கள் நம் மன்றத்தில் ‘தாய்க்கு ஏற்ற இடம் வீடா, அலுவலகமா?’ என்று சொற்போர் நடந்ததல்லவா? ‘வீடே’ என்ற அணியில் நின்று முழங்கியவன் நான். கைதட்டல் பலமாகத்தான் இருந்தது. அறைக்குத் திரும்பிய பிறகு ஒரு கேள்வி உறுத்தியது: என் தாயை நான் எந்த அணியில் சேர்ப்பது?

என் ஊர் சித்தூரை அடுத்த கங்காதர நெல்லூர். அம்மா விடியுமுன் எழுந்து இரண்டு மாடுகளைக் கறந்து, பாலைக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருவாள். பால் கணக்குப் புத்தகம் அப்பா பெயரில் இருக்கிறது! களை பறிப்பு, வேர்க்கடலை பிடுங்குவது எல்லாம் உண்டு. மாம்பழக் காலத்தில், தோத்தாபுரிப் பழத்தைக் கூழாக்கும் ஆலைக்குக் கூலிக்குப் போவாள். மாம்பால் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்திருக்கும். இரவு அந்தக் கையால்தான் எங்களுக்குச் சோறு பிசைந்து போடுவாள்.

இத்தனையும் செய்பவளுக்கு, கல்லூரி விண்ணப்பத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் நான் எழுதியது ‘இல்லத்தரசி’. அரசியாம்! உட்கார நேரமில்லாத அரசி.

நண்பர்களே, வயலுக்கும் ஆலைக்கும் தாய் போனபோது எவரும் சொற்போர் வைக்கவில்லை. அவளுக்கு ஒரு நாற்காலியும் மாதச் சம்பளமும் கிடைத்த பிறகுதான் நமக்குக் குடும்பத்தைப் பற்றிய கவலை வந்தது.

அக்கா திருப்பதியில் பத்மாவதி மகளிர் பல்கலைக் கழகத்தில் படித்தவள். இன்று ஒரு தொழிற்சாலையில் வேலை. பேறுகால நலச் சட்டம் 1961இல் வந்தது. 2017இல் அதைத் திருத்தி, 12 வாரச் சம்பள விடுப்பை முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரமாக்கினார்கள். அக்காவுக்கு அது கிடைத்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. 27ஆவது வாரம்? குழந்தை அம்மாவின் இடுப்புக்கு வந்துவிட்டது. ஒரு தாய் வேலைக்குப் போக, இன்னொரு தாய் சம்பளமில்லாத ஆயாவானாள். மாமா வழக்கம்போல் வேலைக்குப் போய் வருகிறார். அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

2024ஆம் ஆண்டு அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சொந்த வீட்டு வேலையில் பெண் செலவிடுவது நாளொன்றுக்கு 289 நிமிடம். ஆண் 88 நிமிடம். அதுவும் வீட்டு வேலையில் கை வைக்கும் ஆண்களின் கணக்கு. வைக்காத மகானுபாவர்கள் இதில் சேர்த்தியில்லை.

குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று ஆந்திரம் 1986இலேயே சட்டம் செய்தது. தமிழ்நாடு 1989இல் செய்தது. அடுப்படியில் மகனுக்குப் பங்கு கொடுக்க இன்னும் எந்த வீடும் அவசரப்படவில்லை. சட்டம் செய்து கொடுக்கும் பங்கா அது? நாமாகப் போய் எடுத்துக்கொள்ள வேண்டியது.

எடுத்துப் பார்த்தேன். பொங்கல் விடுமுறையில் பாத்திரம் துலக்க உட்கார்ந்தேன். அம்மா பதறிப்போய்ப் பிடுங்கிக்கொண்டாள். “எழுந்திருடா, உங்கப்பா பார்த்தா என்னைத்தான் திட்டுவார்” என்றாள். நானும் எழுந்துவிட்டேன். எழுந்திருக்கக் கூடாது என்பது பஸ் ஏறிய பிறகே உறைத்தது.

மன்றச் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த சொற்போருக்கு ‘தந்தைக்கு ஏற்ற இடம் எது?’ என்று தலைப்பு வையுங்கள். பேச என் பெயரையும் எழுதிக்கொள்ளலாம்.