பிள்ளையார்பாளையத்தில் எதுக்குங்க பிரெட்ஸல்?

காஞ்சிபுரத்தில் ஊமைக்குப் பேச்சு வந்த கதை எல்லோருக்கும் தெரியும். காமாட்சியின் கடாட்சத்தில் வாய் திறந்து 500 சுலோகம் பொழிந்தார் மூக கவி என்பது ஐதிகம். சந்தோஷம். என் கவலை, இருந்த பேச்சைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி.

பிள்ளையார்பாளையத்தில் தறி ஓட்டும் ஒருவருக்குப் பக்கவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் அசையுது, நாக்கு அசையுது. தண்ணி கேக்க வார்த்தை வரலை. அதே மனுஷன் பழைய சாமி பாட்டை முழுசாப் பாடுறார். கோபம் வந்தா கெட்ட வார்த்தை சுத்தமா வருது. உடனே வீட்டில் தீர்ப்பு: 'நடிக்கிறாருப்பா!'

நடிப்பில்லை சார். 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற டாக்டர் பார்த்த நோயாளிக்கு 'டான்' என்ற சத்தம்தான் வரும். ஆத்திரம் வந்தால் மட்டும் ஒரு வசவு. அவர் இறந்த பிறகு பார்த்தால், மூளையின் இடது முன்பகுதியில் சேதம். புதுசாக வாக்கியம் கோப்பது பெரும்பாலானவர்களுக்கு இடது மூளையின் வேலை. மனப்பாடப் பாட்டும் திட்டும் வேறு தடத்தில் ஓடும். 160 வருஷம் தாண்டியும் நம்ம திண்ணைக்கு இந்தச் செய்தி வந்து சேரலை.

திண்ணையை விடுங்க. படித்தவர்கள் லட்சணம்? 'பாஸ்டன் நேமிங் டெஸ்ட்' என்று உலகப் புகழ் பெற்ற பரிசோதனை. 60 படம் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்பார்கள். அதில் இக்லூ இருக்கிறது, பீவர் இருக்கிறது, பிரெட்ஸல் இருக்கிறது! பனியையே பார்க்காதவரிடம் பனிவீட்டைக் காட்டி மார்க் போட்டால், முட்டை யாருக்கு? நாடாவைக் காட்டுங்கய்யா, ஜரிகையைக் காட்டுங்க.

அடுத்தது பாஷை. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ் என்று வாழும் நெசவாளக் குடும்பங்கள் காஞ்சியில் உண்டு. மூளையில் இந்த இரண்டும் ஒரே பொட்டலமா? விழித்திருக்கும் நோயாளியின் மூளையில் லேசாக மின்சாரம் தொட்டு, 1978-ல் சோதித்தார்கள் ஓஜமனும் விட்டேக்கரும். ஒரு மொழி மட்டும் தடுக்கிய இடங்களும் இருந்தன! பேச்சு திரும்பும்போது எது முந்தும்? முதலில் கற்றது என்றார் ரிபோ. அதிகம் புழங்கியது என்றார் 1895-ல் பீத்ர். நிஜத்தில் ஆளுக்கு ஆள் மாறுது. தமிழில் மட்டும் கேட்டுவிட்டு 'பேச்சே இல்லை' என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது, ஒரு பேங்க் பாஸ்புக்கை மட்டும் பார்த்துவிட்டு திவால் என்பது மாதிரி. பி.காம். படிச்சவன் சொல்றேன்.

'மூத்த மொழி, முதல் மொழி' என்று மைக் பிடிப்பவர்களுக்கு ஒரு கேள்வி. 2010-ல் கோவையில் செம்மொழி மாநாடே நடத்திவிட்டோம். சரி, மொழி போன தமிழனுக்கு அதைத் திரும்பப் பழக்குகிற பேச்சுப் பயிற்சியாளர் எத்தனை தாலுகா ஆஸ்பத்திரியில் இருக்கிறார்? தினமும் வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு நாள் வரட்டும். கையில் நாடா, பாவு, குத்துவிளக்குப் படங்கள் இருக்கட்டும். 'வீட்ல என்ன பாஷை பேசுவீங்க?' என்று முதலில் கேட்கட்டும்.