குழந்தைக்கும் ஒரு இலை

வெளிநாடு போய்த் திரும்பிய நண்பர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வசனம் உண்டு. "அங்கெல்லாம் பசங்க ரெஸ்டாரன்ட்ல எவ்ளோ அமைதியா உக்காந்து சாப்பிடுதுங்க தெரியுமா? நம்ம பசங்கதான் மானத்த வாங்குதுங்க." அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடையிலும் கேட்டிருக்கிறேன், வேப்பம்பட்டு ஸ்டேஷன் நடைமேடையிலும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது. மூன்று வயதுக் குழந்தையின் தலையில் பழியைப் போட்டுவிட்டு, ஓட்டல் முதலாளிகளும் அப்பாக்களும் தப்பித்துக்கொள்ள உதவும் வசனம் இது.

நானும் கைக்குழந்தையோடு இரண்டு வருடம் ஜெர்மனியில் வேலை பார்த்தவன். அங்கே பல ஓட்டல்களில் நாம் உட்காருவதற்குள் குழந்தைக்கு உயரமான நாற்காலி வந்துவிடும். பின்னாலேயே கலர் பென்சிலும் படம் போட்ட தாளும் வரும். மெனுவில் 'ரொய்பர்டெல்லர்' என்று ஒன்று இருக்கும். கொள்ளைக்காரன் தட்டு என்று அர்த்தம். பெரும்பாலும் காசு கிடையாது. வருவது ஒரு காலித் தட்டும் ஸ்பூனும் முள்கரண்டியும்தான். அப்பா அம்மா தட்டிலிருந்து வேண்டியதைக் குழந்தை கொள்ளையடித்துக்கொள்ளலாம். சின்ன விஷயம்தான். ஆனால் அந்தத் தட்டு வந்ததும் மேசையில் குழந்தையும் ஓர் ஆள் ஆகிவிடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கே இரவுச் சாப்பாடு கிடைப்பதால், தூக்கம் வந்து அழ ஆரம்பிப்பதற்குள் பில் கட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம். இத்தனைக்கும் பிறகு ஒரு குழந்தை அமைதியாக இருந்தால், அதில் வெள்ளைக்கார வளர்ப்பின் மகிமை என்ன இருக்கிறது? உட்கார இடமும் கைக்கு வேலையும் நேரத்துக்குச் சோறும் கொடுத்தால் ஆவடிக் குழந்தையும் அப்படித்தான் இருக்கும்.

அதே ஜெர்மனியின் இன்னொரு முகத்தை இந்த நண்பர்கள் சொல்வதில்லை. ரூகன் தீவில் பின்ஸ் என்ற கடற்கரை ஊரில் இருக்கும் ஓர் ஓட்டல், மாலை ஐந்து மணிக்கு மேல் 14 வயதுக்குக் கீழ் யாருக்கும் அனுமதி இல்லை என்று 2018இல் அறிவித்தது. ஓட்டலின் பெயர் 'பாட்டியின் சமையலறை'. பேரப்பிள்ளைகள் நுழையக் கூடாத பாட்டி வீடு! அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் டின்டன் ஃபால்ஸில் ஓர் இத்தாலிய ஓட்டல் 2023இல் பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கதவைச் சாத்தியது. தென்கொரியாவில் இதற்கு 'நோ கிட்ஸ் ஸோன்' என்று பெயரே உண்டு. ஜேஜு தீவில் ஓர் ஓட்டல் 13 வயதுக்கு உட்பட்டவர்களைத் தடுத்தது பாகுபாடு என்று அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2017இல் சொன்னது. ஆணையத்தின் பரிந்துரை சட்டப்படி யாரையும் கட்டுப்படுத்தாது. 'நோ கிட்ஸ்' பலகைகள் இன்னும் தொங்குகின்றன.

ஆக, அங்கே நாற்காலியும் உண்டு, பூட்டிய கதவும் உண்டு. நாம் எதை இறக்குமதி செய்தோம்? ஆவடியிலிருந்து திருவள்ளூர் வரை சி.டி.எச். ரோட்டில் முளைத்திருக்கும் ஏசி ஓட்டல்களைப் பாருங்கள். மங்கலான விளக்கு, கண்ணாடி டம்ளர், மெல்லிய இசை எல்லாம் வந்துவிட்டன. அமைதி வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் கூடவே வந்துவிட்டது. பேபி சேர் மட்டும் வரவில்லை. கேட்டால் "ஒண்ணு இருந்துச்சு சார், உடஞ்சிருச்சு" என்பார்கள். குழந்தை குரல் உயர்த்தினால் சூப்பர்வைசரே யோசனை சொல்வார்: "போன் குடுங்க சார், சாப்டுரும்."

ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். தெரிந்தும் கொடுக்கிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கும் பசிக்கிறது. அவர்களைத் திட்ட எனக்கு மனசு வராது.

போன் இல்லாத மேசையில் என்ன நடக்கும்? ஞாயிறு மதியம் எந்த ஓட்டல் வாசலிலும் பார்க்கலாம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண், டூவீலர்களுக்கு நடுவே, காக்கா காட்டிக்கொண்டு நடப்பார். உள்ளே அவருடைய நான் காய்ந்துகொண்டிருக்கும். "கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போயேன்" என்று சொன்னவர் உள்ளே சிக்கன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இரண்டு ஞாயிறு இப்படிப் போனால் மூன்றாவது ஞாயிறு "ஸ்விக்கில போட்டுக்கலாம்" என்பார்கள். ஒரு பெண் இரண்டு மூன்று வருடம் வெளியே உட்கார்ந்து சூடாக ஒரு வாய் சாப்பிடாமல் போவது இப்படித்தான். குழந்தைக்கு இடம் இல்லாத ஓட்டலில் அம்மாவுக்கும் இடம் இல்லை.

"காசு குடுத்து நிம்மதியா சாப்பிட வர்றவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்பீர்கள். நியாயம்தான். கொதிக்கும் சாம்பார் வாளியோடு வரும் சர்வரின் காலுக்கு நடுவே பிள்ளையை ஓடவிட்டு ரசிக்கும் பெற்றோரைக் கண்டிக்க வேண்டும், அது ஆபத்து. ஆனால் உட்கார்ந்த இடத்தில் ஒரு குழந்தை அழுவது வேறு. பக்கத்து மேசையில் ஸ்பீக்கரில் ரீல்ஸ் ஓடவிடும் பெரியவரையோ, கேக் வெட்டிக் கத்தும் பத்து பேரையோ யாரும் வெளியே போகச் சொல்வதில்லை. நம் அமைதிப் பற்று, திருப்பிப் பேசத் தெரியாதவர்களிடம் மட்டும்தான் வேலை செய்கிறது.

இத்தனைக்கும் நமக்கு இது தெரியாத வித்தை இல்லை. கல்யாணப் பந்தியில் குழந்தைக்கும் ஓர் இலை போடுகிறோம். அது பாதியைச் சிந்தும் என்று தெரிந்தே அப்பளமும் பாயசமும் வைக்கிறோம். 1982இல் சத்துணவும் 2022இல் காலை உணவும் கொண்டுவந்து, பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்துச் சோறு போடுவதை அரசியலாகவே ஆக்கிய மாநிலம் இது. தள்ளுவண்டிக்கார அண்ணன்கூடக் கேட்காமலே ஒரு குட்டி தோசை சுட்டுத் தருவார். அந்தப் பாசத்தைப் புகழ்ந்துகொண்டே காலத்தை ஓட்டவும் எனக்குச் சம்மதமில்லை. பாசத்தின் மேல் ஒரு வயதுக் குழந்தையை உட்காரவைக்க முடியாது. நாற்காலி வேண்டும்.

கழுவித் துடைக்கக்கூடிய ஒரு பிளாஸ்டிக் பேபி சேரின் விலை, ஒரு குடும்பம் ஏசி ஹாலில் இரண்டு தடவை சாப்பிடும் பில்லைத் தாண்டாது. காலித் தட்டுக்குச் செலவே இல்லை. காரம் இல்லாத இட்லியோ நெய் பருப்பு சாதமோ மற்ற ஆர்டருக்கு முன்னால் ஐந்து நிமிடத்தில் வந்தால் பாதி அழுகை நின்றுவிடும். 2015இலேயே அரசு பஸ் ஸ்டாண்டுகளில் பாலூட்டும் அறை திறந்தது. காரை வாங்கி நிறுத்த ஆள் வைத்திருக்கும் ஓட்டலால் ஒரு தடுப்பும் நாற்காலியும் போட முடியாதா? அப்பாக்களுக்கு ஒன்று: முதல் பத்து நிமிடம் குழந்தை உங்கள் மடியில் இருக்கட்டும். அவர் முதலில் சாப்பிடட்டும்.

அடுத்த முறை போகும்போது தண்ணீர் கேட்பதற்கு முன்னால் "பேபி சேர் இருக்கா?" என்று கேளுங்கள், குழந்தை இல்லாதவர்களும். இல்லை என்றால் கூகுள் ரிவ்யூவில் அதையே எழுதுங்கள். பரோட்டா ரப்பர் மாதிரி இருந்தது என்பதற்கெல்லாம் ஒரு ஸ்டார் குறைக்கிறோமே, இதற்குக் குறைக்க மாட்டோமா?