பைக்குக்கும் சைஸ் நம்பர் வேணும்

ஒரு சின்னக் கேள்வி மக்களே. ஆம்பூர்ல ஒரு ஷூ கம்பெனி, வெளிநாட்டு ஆர்டருக்கு எல்லாப் பெட்டியிலயும் எட்டாம் நம்பர் ஷூவையே போட்டு அனுப்பினா என்ன ஆகும்? சரக்கு மொத்தமா திரும்பி வரும், அடுத்த ஆர்டர் வராது. ஆறாம் நம்பர் காலுக்கு ஒரு அச்சு, பத்தாம் நம்பர் காலுக்கு வேற அச்சு. ஆம்பூர்ல இருந்து எங்க மேல்விஷாரம், ராணிப்பேட்டை வரைக்கும் தோல் தொழில் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லுவாங்க.

ஆனா அந்த ஷூவைத் தைக்கிறவர் வீட்டுக்குப் போற பைக் இருக்கே, அது மட்டும் ஒரே சைஸ். 50 கிலோ ஆளுக்கும் அதே ஸ்பிரிங், 100 கிலோ ஆளுக்கும் அதே ஸ்பிரிங். இதை யாரும் கேள்வி கேட்கிறதே இல்லைங்கிறதுதான் என் வருத்தம்.

அடியேன் 96 கிலோ. காரணம் தெரியணும்னா ஆற்காடு மக்கன் பேடாவையும் ஆம்பூர் பிரியாணியையும் விசாரிச்சுக்குங்க :-) இந்த எடையில ஒருத்தன் போய் "வண்டி பின்னாடி தட்டுது, முதுகு வலிக்குது"ன்னு சொன்னா ரெண்டே பதில்தான் கிடைக்கும். ஒண்ணு, "உடம்பைக் குறைங்க". இன்னொண்ணு, "உங்க பாடிக்கு புல்லட்தான் சார் செட் ஆகும்".

முதல் பதில் டாக்டர் சொல்ல வேண்டியது, மெக்கானிக் சொல்ல வேண்டியதில்லை. ரெண்டாவது பதில் பாதி உண்மை. கனமான வண்டியில ஓட்டுறவர் எடை மொத்தத்துல சின்னப் பங்கு, அதனால வித்தியாசம் குறைவாத் தெரியும். அவ்வளவுதான். வண்டி எவ்வளவு கனம்ங்கிறது வேற, அதோட ஸ்பிரிங் உங்க எடைக்கு ஏத்ததாங்கிறது வேற. கிளாசிக் 350 கூட 195 கிலோ வண்டி, ஆனா அதுலயும் பின் ஷாக் அப்சார்பர்ல ஆறு கட்டம் வச்சுத்தான் கொடுக்கிறாங்க. ஏன்? உட்கார்றவங்க எல்லாரும் ஒரே எடை இல்லைன்னு அவங்களுக்கும் தெரியும்.

இப்ப சில எண்களைப் பார்ப்போம். டூவீலருக்கான புகைச் சோதனையில வண்டி எடையோட, ஓட்டுறவருக்குன்னு 75 கிலோ சேர்த்துக் கணக்கு போடுவாங்க. ஐரோப்பிய விதியிலயும் ஓட்டுறவர் எடை 75 கிலோதான். இது சஸ்பென்ஷன் சோதனை இல்லைதான், ஆனா காகிதத்துல இருக்கிற அந்த 'சராசரி மனுஷன்' யாருன்னு புரியுது. அடுத்து, நம்ம ஊர் 100 சிசி கம்யூட்டர் பைக்குகளோட கையேட்டைத் திறந்தா, ஏத்தக்கூடிய மொத்த எடை 130 கிலோ அளவுலதான் இருக்கும். ஓட்டுறவர், பின்னாடி உட்கார்றவர், சாமான் எல்லாம் சேர்த்து! அதாவது 96 கிலோ ஆள் ஏறினதும் மிச்சம் 34 கிலோ. தங்கமணியை ஏத்தக்கூட இடம் இல்லை, குழந்தையும் டிபன் கேரியரும் எங்கே போறது?

இது வெறும் சொகுசு விஷயம்னு நினைக்காதீங்க. பின்பக்கம் அதிகமா அமுங்கினா முன்பக்கம் தூக்கும். முன் டயர்ல பாரம் குறையும், ஹேண்டில் மந்தமாகும். ராத்திரி ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், எதிர்ல வர்ற லாரிக்காரர் கண்ணு கூசும். சென்னை-பெங்களூரு ஹைவேயில இது விளையாட்டு இல்லை. ஸ்பீடு பிரேக்கர்ல ஷாக் அப்சார்பர் கடைசி வரைக்கும் போய் 'டங்'னு தட்டினா, அந்த அடி நேரா முதுகெலும்புக்குத்தான்.

சரி, என்ன பண்ணலாம்? ரொம்பப் பேருக்கு இருக்கிற ஒரு தப்பான எண்ணத்தை முதல்ல உடைச்சிடறேன். பின் ஷாக் அப்சார்பர் அடியில பள்ளம் வெட்டின வளையம் இருக்கும், சி-ஸ்பேனர் போட்டுத் திருப்புவாங்க. அதைத் திருப்பினா ஸ்பிரிங் கடினமாகிடும்னு நினைக்கிறோம். ஆகாது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான். நாம அதை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம், அவ்வளவுதான். இதுக்குப் பேர் ப்ரீலோட். பலன் என்னன்னா, நீங்க உட்கார்ந்ததும் வண்டி இறங்குற உயரம் குறையும். பள்ளத்துல அமுங்கறதுக்கு இடம் மிச்சம் இருக்கும்.

எத்தனையாவது கட்டம் உங்களுக்கு? குத்துமதிப்பு வேண்டாம், ஒரு இன்ச் டேப் போதும். மெயின் ஸ்டாண்டு போட்டு, பின் சக்கரம் தரையைத் தொடாம தொங்கும்போது, அச்சுக்கு நேர் மேலே சைடு பேனல்ல ஒரு குறி வச்சு அளங்க. அப்புறம் ஸ்டாண்டை எடுத்து, ஒரு நண்பரை ஹேண்டிலைப் பிடிக்கச் சொல்லிட்டு, காலை ஃபுட்ரெஸ்ட்ல வச்சு உட்காருங்க. இன்னொருத்தர் அதே தூரத்தை மறுபடி அளக்கட்டும். ரெண்டுக்கும் வித்தியாசம்தான் நீங்க உட்கார்ந்ததால வண்டி இறங்கின அளவு. சக்கரம் மொத்தமா மேலேறக்கூடிய தூரத்துல நாலுல ஒரு பங்குல இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள இருந்தா நல்லது. மொத்தம் 90 மில்லிமீட்டர்னா 30-க்கு மேல போகக்கூடாது. போனா ஒரு கட்டம் ஏத்துங்க, ரெண்டு பக்கமும் ஒரே கட்டம், திரும்ப அளங்க. கடைசிக் கட்டத்துலயும் அடங்கலைன்னா அந்த ஸ்பிரிங் உங்களுக்கான ஸ்பிரிங் இல்லை. அடுத்த பெரிய நம்பர் வேணும். அதைத்தான் நமக்கு விக்க மாட்டேங்கிறாங்க!

இன்னொரு சோதனை. சீட்டை நல்லா அமுக்கி விடுங்க. ஏறி வந்து அடங்கிடணும். ரெண்டு மூணு தடவை பந்து மாதிரி ஆடினா உள்ளே இருக்கிற டேம்பர் போயிடுச்சு, ப்ரீலோட் திருப்பிப் பிரயோஜனம் இல்லை, ஷாக்கை மாத்தணும். டயர் காத்தையும் மறந்துடாதீங்க. உதாரணமா பல்சர் 150-க்கு பின் டயர்ல தனியாப் போக 28, டபுள்ஸுக்கு 32 பிஎஸ்ஐ. நம்மள மாதிரி ஆளுங்க பின்னாடி யாரும் இல்லைன்னாலும் 28-லயே நிக்கணும்னு அவசியம் இல்லை, கையேட்டுல இருக்கிற டபுள்ஸ் அளவை நோக்கி ஏத்திக்கலாம்.

சீட்டுக்கு வருவோம். குஷன் கடையில போய் "நல்லா மெத்துன்னு ஸ்பான்ஜ் வைங்க"ன்னு சொல்றதுதான் பொதுவான தப்பு. கனமான ஆள் உட்கார்ந்தா மெத்து ஸ்பான்ஜ் அரை மணி நேரத்துல தட்டையாகி, அடியில இருக்கிற தட்டு மேலதான் உட்கார்ந்திருப்போம். வேணுங்கிறது அடர்த்தியான ஃபோம், கொஞ்சம் அகலம். ஷூவோட உள் அட்டையும் அப்படித்தான். கடையில போட்டுப் பார்க்கும்போது மெத்துன்னு இருக்கிறது சாயந்திரம் காலை வாரிடும். தோல் ஊர்க்காரங்களுக்கு இது சொல்லித் தரவே வேண்டாம். (சீட்டுக்கு மேல தோல் போடலாமான்னு கேட்காதீங்க, மழைக்கு ரெக்சின்தான் சரி.)

கடைசியா என் கட்சி. கம்பெனிங்களால முடியாதுன்னு இல்லை. 2021-ல ஓசூர்க்காரங்க டிவிஎஸ், அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு முன்னாடியும் பின்னாடியும் திருப்பி செட் பண்ணிக்கிற சஸ்பென்ஷனை 'டைனமிக் கிட்'னு விருப்பத் தேர்வாவே கொடுத்தாங்க. ஸ்வீடன்ல 1976-ல ஆரம்பிச்ச ஓலின்ஸ், ஓட்டுறவர் எடையைப் பார்த்து ஸ்பிரிங் தர்றாங்க. ரேஸ் ஓட்டுறவருக்குக் கிடைக்கிறது, சிப்காட்டுக்கு ஷிஃப்ட்டுக்குப் போறவருக்கு ஏன் கிடைக்கக்கூடாது? நான் கேட்கிறது மூணே விஷயம். டெலிவரி எடுக்கும்போது மாலை போட்டு போட்டோ எடுக்கிற நேரத்துல பாதியை ஒதுக்கி, ஆளை உட்காரவச்சு ப்ரீலோட் செட் பண்ணிக் கொடுங்க. கையேட்டுல 'ஒருவர்/இருவர்'னு போடாம எடைக்கு எந்தக் கட்டம்னு ஒரு அட்டவணை போடுங்க. கம்யூட்டர் பைக்குக்கும் கனமான ஸ்பிரிங் ஒண்ணை உதிரி பாகமா வித்துக் காசு வாங்கிக்குங்க, தர்றோம்.

ஒரகடத்துல புல்லட், ஓசூர்ல அப்பாச்சி, ரெண்டுக்கும் நடுவுல அதே ரோட்டோரம் நம்ம தோல் ஊருங்க. காலுக்கு ஏத்த செருப்புதான் வேணும், செருப்புக்காகக் காலை வெட்ட முடியாதுன்னு அந்த ரெண்டு ஊருக்கும் சொல்ற தகுதி வேற யாருக்கு இருக்கு?

உங்க எடை, உங்க வண்டி, எத்தனையாவது கட்டம்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. அவங்க போடாத அட்டவணையை நாமளே போட்டுடலாம். (எடையை குறைச்சுச் சொல்றவங்க டேப்புல மாட்டிக்குவீங்க, ஜாக்கிரதை!)